நடுவில் போட்ட நாற்காலி

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறாய் என்று உன் பெண்டாட்டி போனில் சொன்னாள். நீ சொல்லவில்லை. புதுப் பெட்டியின் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். போனில் நான் எதை எழுதி அனுப்பினாலும் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் திரும்பி வரும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் முடிப்பதற்குள் வெயில் முற்றத்தைத் தாண்டிவிடுகிறது. பரவாயில்லை. இதை உன் பெண்டாட்டி படித்தாலும் சரி, உன்னிடம் பாடம் கேட்க வருகிற பெரிய மனிதர்கள் படித்தாலும் சரி. ஒளித்து வைக்க வேண்டியதை நீயே ஊருக்குச் சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு வருகிறேன்.

நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ கோச் ஆகப்போகிறேன் என்று சொன்னபோது ஊரில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. "எந்த வெளையாட்டுக்கு அக்கா?" என்று பால் ஊற்றுகிற இடத்தில் கேட்டார்கள். "நீட்டுக்கா, இல்ல பேங்க் பரீட்சைக்கா?" என்று பஸ்ஸில் கேட்டார்கள். "அத்த, வேலய விட்டுத் தூக்கிட்டாங்களா? எங்கிட்டச் சொன்னா என்னா, நான் யாருகிட்ட சொல்லப்போறேன்" என்று குழைந்து கேட்ட உன் மாமன் மகனை அதற்குப் பிறகு நான் ஒரு வாய் காபிக்குக்கூட அழைத்ததில்லை. அவன் மகள் காதுகுத்துக்கும் போகவில்லை. நீ வந்து எனக்கு விளக்கினாய். "பெரிய பதவியில இருக்குறவங்களுக்கும் குழப்பம் வரும்மா. அவங்க மனசுல இருக்கறத அவங்களே பாக்குற மாதிரி நான் கேள்வி கேப்பேன். புத்தி சொல்ல மாட்டேன். யாரு பக்கமும் சேர மாட்டேன்." "அப்ப ஒனக்கு என்னதான்டா வேல?" என்றேன். சிரித்தாய். "காது குடுத்துக் கேக்குறதுதாம்மா வேல."

பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்கு மனசு குளிர்ந்தது. இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. உன் அப்பா இருந்த வரைக்கும் நான் ஆரம்பித்த பேச்சை நான் முடித்ததே கிடையாது. பாதியில் "சரி சரி, சோத்தப் போடு" என்பார். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று நினைத்துக்கொண்டேன். மனசு குளிர்ந்ததால்தான் உன் தங்கச்சி மலரிடம் அப்படிச் சொன்னேன்.

அவள் புருஷனிடம் அடி வாங்குகிறாள் என்பது எனக்கு ஆடிப்பெருக்குக்கு அவள் வந்தபோது தெரிந்தது. குளிக்கிற இடத்தில் முதுகைப் பார்த்தேன். "அலமாரிக் கதவு இடிச்சிடுச்சும்மா" என்றாள். "எத்தன கதவுடி இருக்கு ஒங்க வூட்டுல?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, முதல் முறையாக வாய் விட்டுச் சொன்னாள். நான்தான் சொன்னேன்: "அண்ணங்கிட்ட சொல்லு. அவன் இப்ப அடுத்தவங்க சொல்றதக் கேக்குறதுக்குன்னே படிச்சிருக்கான்." அவள் உன்னைக் கூப்பிட்டாள். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணன் குறுக்கப் பேசவே இல்லம்மா, முழுசாக் கேட்டுச்சு. நேர்ல வரேன்னு சொல்லிச்சு" என்றாள். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி இருந்தது. அதுவரைக்கும் நீ நல்ல கோச்தான், தம்பி. அதை இல்லை என்று நான் சொல்லவில்லை.

அறுப்பு முடிந்து வயலில் உளுந்து பூத்திருந்த சமயம் நீ காரை எடுத்துக்கொண்டு வந்தாய். என்னையும் ஏற்றிக்கொண்டு குடவாசலில் மலர் வீட்டுக்குப் போனாய். கட்டிக்கொடுத்த பெண் விஷயமாகப் பேச்சு என்றால் நம் பக்கத்தில் எப்படி உட்காருவார்கள் என்பதை நீ பார்த்து வளர்ந்தவன். பிறந்த வீட்டு ஆட்கள் ஒரு பக்கமாக உட்காருவார்கள். பெண் வந்து அவர்களுக்குப் பின்னால் நிற்பாள். அண்ணன்காரன் ஒரு வார்த்தை பேசத் தெரியாத மண்ணாக இருந்தாலும் சரி, அவன் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் முதுகில் அவள் கை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிடிமானத்தில்தான் பெண்களுக்குப் பேச வாய் வரும்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரில் நமக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். நீ உன்னுடையதைத் தூக்கி நடுவில் போட்டாய். "நான் யாருக்கும் எதிரா வரலைங்க. எல்லாருக்கும் பொதுவா உக்காந்துக்குறேன்" என்றாய். கல்யாணத்தன்றுகூட அந்தச் சம்மந்தியம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "தம்பி எவ்வளவு பதவிசாப் பேசுது பாருங்க. இதுல கொஞ்சம் ஒங்க பொண்ணுக்கும் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அதை நான் வாங்கி வைத்திருக்கிறேன். சாகிற வரைக்கும் வைத்திருப்பேன்.

மலர் காபித் தட்டோடு வந்தாள். வந்தவளுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. என் பக்கம் வந்தால் அங்கே உட்கார வேண்டியவன் இல்லை. உன் பக்கம் வந்தால் அது மாப்பிள்ளையின் முழங்காலுக்கு நேராக இருக்கிறது. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். நீ அவளைப் பார்த்து, உன் கோச் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இதமான குரலில் கேட்டாய்: "மலரு, யாரையும் குத்தம் சொல்ல நாம இங்க உக்காரல. இந்தப் பிரச்சனையில ஒன்னோட பங்கு என்னன்னு நீ யோசிச்சுப் பாத்தியா?"

மாப்பிள்ளை முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். நீ அதைப் பார்க்கவில்லை. பதிலுக்காக இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு காத்திருந்தாய். கேள்வி கேட்டுவிட்டால் அமைதியைக் கலைக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்களாம். எனக்கு நாக்கு துடித்தது. மகன் சபையில் இருக்கும்போது பெண்ணைப் பெற்றவள் வாயைத் திறந்தால் "பொம்பள பேச்சுக்கு ஆடுற குடும்பம்" என்பார்கள், அந்தப் பேச்சும் மலர் தலையில்தான் வந்து விழும். உன்னை நம்பி அடக்கிக்கொண்டேன். மலர் உன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லண்ணே. காபி ஆறுது, குடிண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ அந்தக் காபியைக் குடித்தாய். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னாய்.

காரில் வரும்போது உன் முகம் தெளிவாக இருந்தது. "பாத்தியாம்மா, நான் எதுவும் திணிக்கல. அவளே ஒரு முடிவுக்கு வந்துட்டா."

"என்னா முடிவுடா?"

"அது அவளுக்குத் தெரியும்மா. நான் அதத் தோண்டக் கூடாது."

"அவ பல்லக் கடிச்சிக்கிட்டு உள்ள போனா. அதுக்குப் பேருதான் முடிவா?"

"ஒனக்கு இது புரியாதும்மா" என்றாய். சரி, புரியாது. ஆனால் வாயை மூடிக்கொள்வதில் எத்தனை விதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல வார்த்தை தேடுகிறவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பாள். சொன்னால் ராத்திரிக்கு என்ன நடக்கும் என்று கணக்குப் போடுகிறவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பாள். முன்னவளுக்காகக் காத்திருக்கலாம். பின்னவளுக்காகக் கையைக் கோத்துக்கொண்டு காத்திருப்பது, அவள் கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டு நீந்துகிறாளா என்று கரையில் நின்று பார்ப்பது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் வேறு எதைப் படித்து என்ன?

என் மாமியாரைப் பற்றி உனக்குத் தெரியும். எனக்கு வந்த தலைதீபாவளிப் புடவையை எடுத்துத் தன் மகளுக்குக் கொடுத்தவள். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அவள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று, இன்னும் அந்தக் கரை என் கண்ணில் இருக்கிறது. அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் தெருப் பெண்கள் எல்லாரும் அவளிடம்தான் வந்து உட்கார்ந்து மனசைக் கொட்டினார்கள். ஒரு நாள் குழாயடிச் சண்டையில் எதிர்வீட்டுக்காரி அவளைக் குடும்பத்தோடு இழுத்து வைத்துத் திட்டினாள். அந்த எதிர்வீட்டுக்காரியின் வண்டவாளம் முழுக்க இவளுக்குத் தெரியும், அவளே வந்து அழுது சொன்னது. ஒரு வார்த்தை விட்டால் போதும், தெருவே சிரித்திருக்கும். "சொல்லுங்கத்த, எடுத்து விடுங்க" என்று நான் முதுகில் இடித்தேன். "போடி, அது அவ எங்கிட்ட குடுத்து வச்சது. எடுத்துச் செலவு பண்றதுக்கு அது என்னுது இல்ல" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிடிக்காத வாயிலிருந்து வந்தாலும் அது சரியான வார்த்தை.

நீ எடுத்துச் செலவு பண்ணிவிட்டாய். பக்கத்து வீட்டுச் செல்வி போனைக் கொண்டுவந்து காட்டினாள். நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறாய். "எனக்கு மிக நெருக்கமான ஒரு பெண். மண வாழ்க்கையில் ஒரு சிக்கல். நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவரே தன்னுடைய தீர்வைக் கண்டுபிடித்தார்" என்கிறாய். கூட்டம் கை தட்டுகிறது. நீ லேசாகத் தலை குனிந்து ஏற்றுக்கொள்கிறாய். "அத்த, இது நம்ம மலரக்காதான?" என்று செல்வி கேட்டாள். "அவங்க ஆபீசுல யாரோ" என்றேன். அவள் நம்பவில்லை. பெயரைச் சொல்லவில்லையே என்று நீ சொல்வாய். உனக்கு எத்தனை தங்கச்சி இருக்கிறார்கள் என்று இந்த ஊருக்கும் தெரியும், குடவாசலுக்கும் தெரியும்.

அந்த மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு முறையாவது மலரைக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் கேட்ட கேள்வி உன்னை என்ன செய்தது என்று விசாரித்தாயா? வாய்க்கால் ஷட்டரைத் திறந்துவிட்டுச் சைக்கிளில் போகிற பொதுப்பணித்துறை லஸ்கர் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்றுதான் எழுதி வைப்பான். கடைமடையில் நாற்று காய்வது அவனுக்குத் தெரியாது. கடைசி வயல்காரன் வரப்பில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். நீ உன் வேலையின் தலைமடையிலேயே நின்று உனக்கு நீயே கை தட்டிக்கொண்டாய்.

அந்தக் காலத்து ஆட்கள் ஒழுங்கு என்று நான் சொல்வதாக நினைக்காதே. எனக்கும் ஓர் அண்ணன் இருந்தார், உன் கூத்தாநல்லூர் மாமா. எனக்கு இந்த வீட்டில் ஆரம்பத்தில் சோற்றுக்கே கணக்கு இருந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, ஒரு நாள் மத்தியானம் மாமா சைக்கிளில் வந்து இறங்கினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தபடியே என் மாமனாரிடம் சொன்னார்: "மாமா, தங்கச்சிய நாலு நாளைக்கு அழைச்சிட்டுப் போறேன்." அவ்வளவுதான் பேச்சு. என் மாமனார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். நான் ராணி மாதிரி அந்தச் சைக்கிளில் ஏறினேன்.

ஆனால் நாலு நாள் கழித்து மாமாவே என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். நான் போக மாட்டேன் என்று சொல்ல வழி நெடுக வாயைத் திறந்து திறந்து மூடினேன். மாமா உளுந்து விலையைப் பற்றியே பேசிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். எனக்கு என்ன வேண்டும் என்று கடைசி வரைக்கும் அவர் கேட்கவில்லை. அவர் காரியத்துக்குப் போய் நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அழும்போதும் உளுந்து விலைதான் நினைவுக்கு வந்தது. எனக்கு வாய்த்த அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார், கேட்கவில்லை. மலருக்கு வாய்த்தவன் கேட்டான், பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்து நான் பார்த்ததில்லை. அப்படி ஓர் ஆள் எங்காவது இருந்தால், அவருக்கு நீ போட்டுக்கொள்கிற கோச் என்கிற பேரைக் கொடுக்கலாம்.

சிங்கப்பூரில் பெரிய பெரிய ஆட்கள் உன் எதிரில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு உன் கேள்வியால் நல்லதே நடக்கட்டும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, பயமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வருகிற ஆட்கள். அவர்களுக்குக் கேள்வி போதும். ஆனால் ஆயிரம் பேரில் ஒருவர், சட்டைக்குள் காயத்தை மறைத்துக்கொண்டு வருவார். அவர் முன்னால் "இது என் வேலைக்கு அப்பாற்பட்டது, வாங்க, கூட வர்றேன், வேற எடத்துக்குப் போவோம்" என்று சொல்லி எழுந்திருக்கிற மனசு உனக்கு வேண்டும். உன் கேள்வி அழகாக இருக்கிறதா என்று உன் காதே கேட்டுக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்த வேண்டும். நீ கேட்டது தப்பு என்று தெரிந்தால் நடந்துபோய் அதைச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் உன்னுடைய அந்தக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழில் இடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எனக்கே இந்தக் குணம் ஒன்றும் கிடையாது. நான் எதையும் மறக்காதவள், மன்னிக்காதவள், என்னிடம் யாரும் மனசைக் கொட்டி நான் பார்த்ததில்லை. இல்லாதவளுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

எழுதுகிறேனே தவிர நீ மாறுவாய் என்று நம்பிக்கை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நடை குடவாசல் போ, கேள்வி எதுவும் வேண்டாம், அவள் பக்கத்தில் போய் உட்கார், நான் கேட்டது தப்பு என்று அவள் வீட்டார் காதில் விழும்படி சொல், வந்தால் அழைத்துக்கொண்டு வா என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதியும்விட்டேன். நீ போக மாட்டாய். டிக்கெட், மூட்டை முடிச்சு, உன் பிள்ளைக்குப் பரீட்சை. தெரியும். போனாலும் இனி பிரயோசனம் உண்டா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் இரண்டு பஸ் மாறி நான் மட்டும் குடவாசல் போனேன். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார். சம்மந்தியம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மலர் கொல்லையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து எடுத்தேன். அந்த மேடைப் பேச்சை மாப்பிள்ளை சாப்பிடும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தாராம். "ஒங்கண்ணன் நல்லாத்தான் சொல்றான். நீயே தீர்வு கண்டுபுடிச்சிட்டியாமே" என்று சிரித்தாராம். இதைச் சொல்லும்போது அவள் கை நிற்கவில்லை. கொட்டை தனியாக, புளி தனியாக விழுந்துகொண்டே இருந்தது.

"புள்ளைங்கள அழைச்சிக்கிட்டு வந்துடுடி. ஒன் ரூம் சும்மாதான் கெடக்கு" என்றேன்.

"வந்தா அண்ணன் ஏன் வந்தன்னு கேக்கும். அடுத்து என்னா பண்ணப்போறன்னு கேக்கும். என்னால ஆவாதும்மா."

"அவன் சிங்கப்பூரு போறான்."

"நல்லபடியாப் போயிட்டு வரச் சொல்லு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெருவில் போகிற யாரையோ வாழ்த்துகிற மாதிரிச் சொன்னாள்.

புளி தீர்ந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, சம்மந்தியம்மாவைக் கடந்து வாசலுக்கு வந்து தெருவில் இறங்கி நடந்தேன். மலர் பின்னாலேயே ஓடி வந்தாள். மாசக்கணக்கில் அவள் முகத்தில் நான் பார்க்காத கோபம் அப்போது இருந்தது. எல்லார் வீட்டிலிருந்தும் போயிட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டுதானே கிளம்புகிறோம். சொல்லாமல் இறங்குவது எந்த வீட்டில் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வேண்டுமென்று செய்யவில்லை, தம்பி. கால் தானாக அப்படி இறங்கிவிட்டது.

"ஏம்மா, சொல்லிக்காமப் போற?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டாள். "இங்க யாரு செத்துட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா